வடக்கே சிவந்த வானம்

"ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவது" என்று ஒரு பழமொழி உண்டு. காரியம் தெரியாதவனைப் பரிகாசம் செய்வதற்கு எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். விருத்தாசலத்துக்காரர்களாகிய நாங்கள் மட்டும் இதைச் சொல்லும்போது கொஞ்சம் மார்பை நிமிர்த்திக் கொள்வோம். ஏனென்றால், அந்த ஆறு எங்கள் ஊர் ஆறு. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்து இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றிலே போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்திலே எடுத்துக் கொண்டார் என்பது புராணம். அந்தத் திருமுதுகுன்றந்தான் விருத்தாசலம்.

இந்தப் பழமொழியை நான் இப்போது நினைப்பதற்குக் காரணம் உண்டு. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சூரியன், ஆகாயம் என்னும் ஆற்றிலே சில சமயம் எதையோ அள்ளிப் போடுகிறது. இரண்டொரு நாள் கழித்து அது பூமியின் வட கோடியிலும் தென் கோடியிலும் வெளிச்சமாக வந்து சேருகிறது. வடக்கே தெரிவதை வட துருவ ஜோதி என்கிறார்கள். அதைத் தேடிக் கொண்டு, பீங்கான் சூளையிலே நாற்பது வருஷம் வேலை செய்த ஒரு பெரியவரும், பள்ளிக்கூட உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நானும் 2024-ஆம் வருஷம் லடாக் வரையில் போய் வந்தோம். தேடியது கிடைத்ததா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

செம்புச் சிவப்பு

எங்கள் ஊரைப் பற்றி அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் அடுத்தபடியாக விருத்தாசலத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பீங்கான். கொலுப் பொம்மை, விளக்கு, மின்சாரக் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைக் குமிழ் எல்லாம் இங்கே சூளையில் வேகின்றன. சூளை வேலையில் அனுபவம் என்பது பெரும்பாலும் கண்ணில் இருக்கிறது. சூளைச் சுவரில் உள்ள சிறு துவாரத்தின் வழியே உள்ளே பார்த்து, நெருப்பின் நிறத்தைக் கொண்டு உஷ்ணத்தைச் சொல்ல வேண்டும். மங்கிய சிவப்பு என்றால் 700 டிகிரி. மஞ்சள் என்றால் 1,100. கண்ணைக் கூசும் வெண்மை என்றால் 1,250-க்கு மேல். இக்காலத்தில் இதற்குக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் எங்கள் பெரியவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் எண்ணுக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் அதிக வித்தியாசம் இருந்ததில்லை.

2024-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி இரவு, லடாக்கில் உள்ள ஹான்லே என்னும் இடத்தில் ஆகாயம் செக்கச் சிவந்தது. அந்தப் படம் பத்திரிகையில் வந்திருந்தது. நான் அதைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் பத்திரிகையை மூக்குக்கு அருகில் கொண்டு போய், பிறகு தூரத்தில் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, வெகு நேரம் பார்த்தார்.

"வாத்தியார் ஐயா, இது நெருப்புச் சிவப்பு இல்லை. செம்புச் சிவப்பு" என்றார்.

அந்த வார்த்தையின் ஆழம் அப்போது எனக்குத் தெரியவில்லை. பத்திரிகையை அவர் ஏன் அப்படி முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்தார் என்பதுதான் மனத்தில் தைத்தது. அவர் கண்களில் புரை விழுந்திருந்தது. உலை முன் பல வருஷம் நிற்பவர்களுக்கு, உஷ்ணக் கிரணங்கள் பட்டுப் பட்டு இப்படிக் கண்புரை விழுவது வைத்தியர்கள் நன்கு அறிந்த விஷயம். டாக்டர் இரண்டு வருஷமாக "ஆபரேஷன் செய்து கொள்ளுங்கள்" என்று சொல்லி வந்தார். பெரியவருக்குப் பயம். கண்ணிலே கத்தி பட்டால் இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்ற பயம்.

"இருக்கிற பார்வையோடு அந்தச் சிவப்பை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், ஐயா. அழைத்துப் போகிறீர்களா?" என்று கேட்டார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே வாயு, இரண்டு நிறம்

புறப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். படிக்கப் படிக்க, பெரியவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்து ஆச்சரியப்பட்டேன்.

சூளையில் தெரியும் சிவப்பு உஷ்ணத்தின் நிறம். எந்தப் பொருளானாலும், மண்ணோ இரும்போ, போதிய அளவு காய்ந்தால் அந்த நிறத்தைக் காட்டும். துருவ ஜோதியின் நிறம் அப்படிப்பட்டதன்று. அது அணுக்களின் சொந்த நிறம். அடுப்பில் உப்பைத் தூவினால் மஞ்சளாகச் சுடர் விடுகிறதே, அந்த ஜாதியைச் சேர்ந்தது.

சூரியனிலிருந்து மின்சாரம் ஏறிய துகள்கள் ஓயாமல் காற்றைப் போல வீசிக் கொண்டிருக்கின்றன. பூமியோ ஒரு பெரிய காந்தம். அதன் காந்த சக்தி அந்தக் காற்றைத் தடுத்து விலக்குகிறது. விலகிய காற்று பூமியின் காந்த மண்டலத்தை இரவுப் பக்கமாக ஒரு நீண்ட வாலைப் போல் இழுத்து விடுகிறது. சூரியனில் பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டு அந்தக் காற்று புயலாக வரும்போது, வாலில் சேர்ந்த சக்தி திடீரென்று விடுபடும். அப்போது எலெக்ட்ரான்கள் துருவங்களைச் சுற்றிய பிரதேசங்களின் மேல் விரட்டி அடிக்கப்பட்டு, அங்குள்ள காற்றின் அணுக்களை மோதுகின்றன. மோதப்பட்ட அணுக்கள் வாங்கிய சக்தியை வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கின்றன.

இதில் முக்கியமான பாத்திரம் பிராணவாயு. பூமிக்கு மேல் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் அது பச்சையாக ஒளிர்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேலே அதே பிராணவாயு சிவப்பாக ஒளிர்கிறது. ஏன் இந்த இரட்டை வேஷம்? அடி வாங்கிய பிராணவாயு அணு பச்சை ஒளியைக் கொடுக்க ஒரு விநாடி கூட ஆவதில்லை. சிவப்பு ஒளியைக் கொடுப்பதற்கோ ஏறக்குறைய இரண்டு நிமிஷம் அவகாசம் வேண்டும். கீழே காற்று நெருக்கமாக இருப்பதால், அந்த இரண்டு நிமிஷத்துக்குள் வேறு அணுக்கள் வந்து இடித்து, அதன் சக்தியைப் பிடுங்கிக் கொண்டு போய் விடுகின்றன. மேலே ஏகாந்தமாக இருக்கும் அணுவுக்குத்தான் நிதானமாகச் சிவக்க முடிகிறது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். தம் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு சிறு கிண்ணத்தை எடுத்து வந்து காட்டினார். செம்பு கலந்த பூச்சுப் பூசிய கிண்ணம். ஒரு பக்கம் பச்சை. மறு பக்கம் ஆட்டு ரத்தம் போன்ற சிவப்பு.

"சூளையில் காற்று தாராளமாக இருந்தால் செம்பு பச்சையாகும். காற்றைக் குறைத்துப் புகையை மூட்டினால் அதே செம்பு சிவப்பாகும். பத்துக் கிண்ணம் வைத்தால் ஒன்று கூடத் தேறாது. இது வாலிபத்தில் தற்செயலாக அமைந்தது. அதற்குப் பிறகு அமையவே இல்லை" என்றார்.

செம்பில் நடப்பது ரசாயன மாறுதல். ஆகாயத்தில் நடப்பது அணுவின் ஒளி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒரே பொருள், சுற்றியுள்ள காற்றுக்குத் தகுந்தபடி பச்சையாகவும் சிவப்பாகவும் மாறும் என்பதை அறிந்தவர், படத்தைப் பார்த்தவுடன் உண்மையின் வாசல்படி வரையில் போய்விட்டார் அல்லவா?

தமிழ் நாட்டுக்கு ஏன் வருவதில்லை?

"அந்த வெளிச்சம் நம் ஊருக்கு வந்தால் எவ்வளவு சௌகரியம்!" என்று என் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பூமியில் துருவ ஜோதிக்கு நம்மைப் போல் தூரமானவர்கள் வேறு இல்லை. பூமியின் காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அந்தக் கோட்டின் மேல் காந்த ஊசியைத் தொங்கவிட்டால், வடக்கேயும் சாயாமல் தெற்கேயும் சாயாமல் மட்டமாக நிற்கும். அது இந்தியாவின் தென் முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால்தான் 1963-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி நம் நாட்டிலிருந்து விட்ட முதல் ஆராய்ச்சி ராக்கெட்டுக்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். திருநெல்வேலிக்கு அருகில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்த நிறுவனம் ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

இருந்தாலும், சூரியப் புயல் மிகப் பலமாக அடித்தால் ஜோதி துருவத்தை விட்டு இறங்கி வருவது உண்டு. 1872-ஆம் வருஷம் பிப்ரவரி 4-ஆம் தேதி பம்பாயிலேயே ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். அன்று பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடியில் போட்டிருந்த தந்திக் கம்பி பல மணி நேரம் செயலற்றுப் போயிற்று.

அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னால், 1859-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி, காரிங்டன் என்னும் ஆங்கிலேயர் சூரியப் புள்ளிகளைப் படம் வரைந்து கொண்டிருந்தபோது, அவற்றின் மேல் திடீரென்று வெண்ணொளி பளிச்சிட்டு மறைவதைக் கண்டார். மறுநாள் உலகமெங்கும் காந்த ஊசிகள் துள்ளின. ஹவாய்த் தீவிலும் ஜோதி தெரிந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல காந்தக் கருவிகளால் அந்தப் புயலை முழுவதும் அளக்க முடியவில்லை. பம்பாய்க் கொலாபா வானிலையத்திலோ அது ஒழுங்காகப் பதிவாயிற்று. அந்த ஊரின் காந்த பலம் 1,600 நானோடெஸ்லா அளவு சரிந்தது என்று அங்கே எழுதி வைத்த கணக்கைத்தான் இன்றும் உலகத்து விஞ்ஞானிகள் எடுத்துப் பார்க்கிறார்கள். பிற்பாடு பம்பாய் நகரத்துக்கு மின்சார டிராம் வண்டி வரப் போகிறது என்றவுடன், கருவிகள் தடுமாறாதிருக்க 1904-ஆம் வருஷத்தில் காந்த நிலையத்தை அலிபாக்குக்கு மாற்றினார்கள்.

இங்கே எங்கள் ஊர்ச் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். தந்திக் கம்பத்தில் கம்பியின் மின்சாரம் கம்பத்துக்குள் இறங்காமல் காப்பது பீங்கான் குமிழ். ஆனால் சூரியப் புயலின்போது மின்சாரம் கம்பத்தின் வழியாக வருவதில்லை. பூமிக்குள்ளேயே மின்சாரம் கிளம்பி, கம்பியின் இரு முனைகளையும் தரையோடு சேர்த்திருக்கும் இடத்தின் வழியே ஏறி விடுகிறது. 1859-இல் அமெரிக்காவில் தந்திக்காரர்கள் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஆகாயம் கொடுத்த மின்சாரத்தைக் கொண்டே செய்தி அனுப்பினார்கள். 1989-ஆம் வருஷம் மார்ச் 13-ஆம் தேதி கானடாவில் கியூபெக் மாகாணம் முழுவதும் விளக்கு அணைந்து, அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். வாசல் கதவைத் தாழிட்டால் கொல்லை வழியாக வருகிற விருந்தாளிதான் இந்தச் சூரியப் புயல்.

சரஸ்வதி மலை

நார்வேக்கோ, பின்லாந்துக்கோ போனால் துருவ ஜோதியை அதிகச் சிரமமின்றிப் பார்க்கலாம். பச்சைத் திரைச்சீலை ஆகாயத்தில் அசைவது போல் தலைக்கு மேலேயே நடனம் ஆடுமாம். வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டு தீவில் நம் தேசத்தார் 2008-ஆம் வருஷம் முதல் ஹிமாத்ரி என்ற ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறார்கள். ஆனால் பெரியவருடைய சேமிப்புக்கும் என்னுடைய ஓய்வு ஊதியத்துக்கும் ஹான்லே தான் எட்டியது.

ஹான்லேயில் சரஸ்வதி மலை என்று ஒரு மலை இருக்கிறது. அதன் மேல், 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரின் வானிலையம் இருக்கிறது. அங்குள்ள இரண்டு மீட்டர் தூரதர்சினிக்கு நம் சந்திரசேகரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் இரவு, அங்கே ஆகாயம் முழுவதையும் பார்த்துக் கொண்டிருக்கும் காமிராவில் சிவந்த ஒளி பதிந்தது. அதன் பிறகு 2024 மே மாதத்தில் வந்தது, இருபது வருஷங்களில் மிகப் பலமான காந்தப் புயல்.

ஹான்லேயில் பச்சை ஏன் தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமி உருண்டையாயிற்றே! 110 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள பச்சை ஒளி 1,200 கிலோமீட்டர் தூரத்தோடு அடிவானத்தில் மறைந்துவிடும். 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சிவப்பு 1,900 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். தூரத்திலிருந்து வருகிறவனுக்குக் கோபுரத்துக் கலசம் தெரிகிறது. கோயில் வாசல் தெரிவதில்லை. விஞ்ஞானிகள் இன்னொன்றும் சொல்கிறார்கள். இவ்வளவு தெற்கே தெரியும் சிவப்பில் ஒரு பகுதி அசல் துருவ ஜோதி அன்றாம். காந்தப் புயலின் உஷ்ணத்தால் வானத்தில் உண்டாகும் செவ்வளைவாம். ஜோதிக்கு அதை ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக் கொள்ளலாம்.

நவராத்திரிக்கு வேண்டிய பொம்மைகள் எல்லாம் சூளையை விட்டு இறங்கிய பிறகு, செப்டம்பர் கடைசியில் புறப்பட்டோம். அக்டோபர் 2-ஆம் தேதி அமாவாசை. நிலா வெளிச்சம் கெடுக்காது என்று நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பொறுக்கிய நாள்! டாக்டர் பெரியவருடைய மார்பையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்து அனுமதி கொடுத்தார். டில்லி வழியாக விமானத்தில் 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகருக்குப் போய், அங்கே மூன்று நாள் சும்மா இருந்தோம். அப்படி இருந்து உடம்பைப் பழக்காமல் மேலே போனால், தலைவலியும் மூச்சுத் திணறலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லைப்புறமாகையால் அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். பிறகு சிந்து நதியின் கரையோடு சுமத்தாங், நியோமா வழியாக மோட்டாரில் பிரயாணம். இரு பக்கத்து மலைகளையும் பார்த்துப் பெரியவர், "இவ்வளவு மண்ணும் வேகாமல் கிடக்கிறதே!" என்று வருத்தப்பட்டார்.

மூன்று இரவுகள்

2022-ஆம் வருஷம் முதல் ஹான்லேயைச் சுற்றியுள்ள பிரதேசத்தை இருள் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். காடுகளையும் விலங்குகளையும் காப்பது போல் இருட்டைக் காக்கிறார்கள்! வீடுகளில் ஜன்னலுக்குக் கனத்த திரை. கிராமத்து ஆண்களும் பெண்களும் தூரதர்சினியை இயக்கப் பழகி, வருகிறவர்களுக்கு வானம் காட்டுகிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டுப் பெண்ணும் அப்படிப் பழகியவள். எங்களுக்கு இந்தியும் சரியாக வராது. அவளுக்குத் தமிழ் தெரியாது. சனிக் கிரகத்தின் வளையத்தைக் காட்டுவதற்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை.

முதல் இரண்டு இரவும் வானம் கண்ணாடி போல் இருந்தது. ஆகாய கங்கையின் வெளிச்சத்தில் எங்கள் நிழல் விழுமோ என்று தோன்றிற்று. வடக்கே மட்டும் ஒன்றுமில்லை.

அக்டோபர் 3-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், சூரியனில் ஒரு பெரும் பிழம்பு வெடித்தது. அந்தப் பதினோரு வருஷச் சுழற்சியில் அதுவரையில் கண்ட வெடிப்புகளில் அதுவே மிகப் பெரியது. செய்தி அந்தப் பெண்ணின் கைத் தொலைபேசிக்கு வந்தது. அவள் ஓடி வந்து சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெடிப்பின் வெளிச்சம் எட்டு நிமிஷத்தில் பூமிக்கு வந்துவிடும். ஆனால் வானத்தைச் சிவக்க வைக்கும் துகள் மேகம் வந்து சேர ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் ஆகும். ஆற்றில் போட்டாயிற்று. குளத்துக்கு வர வேண்டியதுதான் பாக்கி! 5-ஆம் தேதி புறப்பட இருந்த நாங்கள் இன்னும் ஒரு நாள் தங்குவது என்று தீர்மானித்தோம்.

3, 4, 5 ஆகிய மூன்று இரவும் கம்பளியைப் போர்த்திக் கொண்டு வெளியே உட்கார்ந்தோம். கூஜாவில் இருந்த வெந்நீர் ஆறி, பிறகு உறையத் தொடங்கியது. கடைசி இரவு, இரண்டு மணி இருக்கும். பெரியவர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"சிவக்கிறது, ஐயா! அதோ, அந்த மலைக்கு மேலே!"

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவேளை மங்கலாக இருக்கலாம். இருட்டில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பை அறியும் சக்தி மிகக் குறைவு. 2023-ஆம் வருஷத்து ஒளியைக் காமிராதான் கண்டுபிடித்தது. அந்தப் பெண் காமிராவை மலைப் பக்கம் திருப்பி, அரை நிமிஷம் திறந்து வைத்துப் படம் எடுத்தாள். படத்தில் நட்சத்திரங்கள் இருந்தன. மலையின் கறுத்த விளிம்பு இருந்தது. சிவப்பு இல்லை. மறுபடியும் ஒன்று எடுத்தாள். அதிலும் இல்லை.

பெரியவர் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "என் கண்தான்" என்றார். அவ்வளவுதான். நாற்பது வருஷம் நூற்றுக் கணக்கான சூளைகளுக்குச் சாட்சி சொன்ன கண் அது. அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆயுத பூஜை

6-ஆம் தேதி காலையில் மலையை விட்டு இறங்கி, 8-ஆம் தேதி ஊர் வந்து சேர்ந்தோம். இனி நடந்ததை நேயர்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

9-ஆம் தேதி காலை ஏழரை மணி சுமாருக்குச் சூரியனில் வேறொரு வெடிப்பு. 3-ஆம் தேதி வெடித்ததைவிட மிகச் சிறியது. ஆனால் அது நேரே பூமியைப் பார்த்து வெடித்தது. ஒன்றரை நாளில், 10-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், அதன் மேகம் பூமியை வந்து மோதிற்று. அன்று இரவு ஹான்லேயில் வானம் சிவந்தது! நான் பஞ்சாங்கம் பார்த்துப் பொறுக்கிய அமாவாசை போய், வானத்தில் பாதிச் சந்திரன் இருந்த இரவு அது. அதையும் மீறிச் சிவந்தது.

மறுநாள் 11-ஆம் தேதி எங்கள் ஊரில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும். சூளை வாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி கடலை படைத்திருந்தார்கள். சரஸ்வதி மலையில் வெளிச்சம் வந்த செய்தியை நான் அங்கே போய்த்தான் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக் கொண்டு போனேன். பெரியவர் கேட்டார். கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"வந்ததா! நிஜமாக வந்ததா!" என்று குழந்தை போல் சந்தோஷப்பட்டார். பிறகு, "நாலு நாளில் தவறிவிட்டதே" என்று நான்தான் புலம்பினேன்.

"தவறட்டும், ஐயா. நாம் இருந்தபோது வந்து, என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்றார்.

அடுத்த மாதம் அவர் கண் ஆபரேஷன் செய்து கொண்டார். நானும் டாக்டரும் அவருடைய பிள்ளைகளும் இரண்டு வருஷம் சொல்லிக் கேளாததை, நட்சத்திரம் மட்டும் விழுந்த இரண்டு படங்கள் சாதித்துவிட்டன. கட்டு அவிழ்த்த நாலாம் நாள் அந்தச் செம்புக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே ஊதா ஒரு கோடு இருக்கிறது. இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லையே!" என்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு

வாசகர்களில் யாருக்காவது ஆசை இருந்தால் சில விஷயங்களை மனத்தில் கொள்ளட்டும். ஹான்லேயில் ஜோதி தெரிவது அபூர்வம். அதை மட்டும் நம்பிப் பணத்தைச் செலவு செய்ய வேண்டாம். அங்கே வருஷத்தில் பெரும்பாலான இரவுகளில் காணக் கிடைக்கும் வானமே போதும் என்று நினைப்பவர்கள் போகலாம். ஜோதி வந்தாலும் படத்தில் பார்ப்பது போன்ற ரத்தச் சிவப்பைக் கண் காணாது; மங்கிய சாயலைத்தான் காணும். பச்சை நடனத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் நார்வேயின் வட பகுதிக்குக் குளிர் காலத்தில் போக வேண்டும்.

சூரியனைக் கவனிக்கும் காரியத்தில் நமக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. கொடைக்கானல் வானிலையத்தில் நூறு வருஷங்களுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதை எவர்ஷெட் 1909-ஆம் வருஷத்தில் கண்டுபிடித்தது அங்கேதான். 2023-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து சென்ற ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைப் பார்ப்பதற்காக அனுப்பப்பட்டது. அந்தத் திட்டத்தை இயக்கியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்னும் பெண்மணி. அவ்வளவு தூரத்தில் காவல் வைத்தாலும், புயல் மேகம் காவற்காரனைத் தாண்டிய பிறகு பூமிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. விருத்தாசலத்திலிருந்து ஹான்லேக்குப் போக அது போதாது!

சூரியனின் உச்சம் 2024-ஆம் வருஷத்தோடு முடிந்துவிட்டால், இனிப் பதினோரு வருஷம் காத்திருக்க வேண்டுமோ என்று பெரியவர் கேட்டார். அப்படி இல்லை. 2003-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்துப் பெரும் புயல்கள், உச்சம் கழிந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் அடித்தன. சூரியன் இறங்கு முகத்திலும் திடீரென்று அள்ளிப் போடும். இதை அவரிடம் சொன்னேன்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்பளிகளும் கையுறைகளும் வைத்த பெட்டி இன்னும் கூடத்திலேயே கிடந்தது. இடைஞ்சலாக இருக்கிறது என்று மருமகள் முறையிட்டாள்.

"பரணில் ஏற்ற வேண்டாம், அம்மா. அங்கேயே இருக்கட்டும்" என்றார் பெரியவர்.